[கலைச்சொல்] சூடேறியதும் செயலி வேகத்தைக் குறைத்துக்கொள்வதற்கு என்ன சொல்?

அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் கல்லூரி ஆய்வகத்துக்குப் பழைய மடிக்கணினிகள் நன்கொடையாக வந்திருக்கின்றன. எல்லாவற்றிலும் இன்டெல் செலரான் என்3060. 2016 தொடக்கத்தில் வெளிவந்த மலிவுச் சில்லு: 14 நானோமீட்டர், இரண்டு கரு (கோர்), இரண்டே இழை (த்ரெட்), 2 எம்பி கேஷ், அடிப்படை வேகம் 1.6 கிகாஹெர்ட்ஸ், உச்சம் 2.48. விண்டோஸ் 11-இன் ஆதரவுப் பட்டியலில் இது இல்லை, விண்டோஸ் 10-க்கோ 2025 அக்டோபர் 14-உடன் ஆதரவு முடிந்தது. எனவே லினக்ஸ் ஏற்றி முதலாண்டு மாணவர்களிடம் கொடுக்கப் போகிறோம், கூடவே ஒரு தமிழ்க் கையேடும். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போயாக வேண்டும்.

இந்த மாடலில் விசிறி கிடையாது. பெரிய நிரல் ஒன்றை கம்பைல் செய்தால் முதலில் 2.48-ஐத் தொடுகிறது, அப்புறம் சூடேறிக் கீழே இறங்குகிறது. "மேடம், லேப்டாப் ரிப்பேர்" என்று தூக்கிக்கொண்டு வருகிறார்கள். இது ரிப்பேர் இல்லை, த்ராட்லிங் என்று ஒரு பத்தி எழுத வேண்டும். மூன்று சொல் தேவை: பர்ஸ்ட் ஃப்ரீக்வென்சி (சிறிது நேரம் மட்டும் தொடும் அந்த உச்ச வேகம்), டிடிபி (சில்லு வெளிவிடும் வெப்பத்தை வாட்டில் சொல்லும் கணக்கு), த்ராட்லிங் (சூடேறியதும் வேகம் குறைவது).

- ஆய்வக ஆசிரியை, திருச்சி

* * *

பர்ஸ்ட்டுக்குப் "பாய்ச்சல் வேகம்". இன்டெல் தன் கோர் வரிசையில் டர்போ பூஸ்ட் என்பதையே இந்த வரிசையில் பர்ஸ்ட் என்கிறது, இரண்டுக்கும் பாய்ச்சலே போதும். வெடிப்பு என்று மட்டும் போட்டுவிடாதீர்கள், மின்கலம் இருக்கிற பொருள், பையன்கள் பயப்படுவார்கள்.

த்ராட்லிங்குக்கு நாங்கள் மென்பொருள் மொழிபெயர்ப்பில் "மட்டுப்படுத்தல்" என்று போட்டு வருகிறோம்.

ஆனால் ஒன்று. "செயலி" என்று எழுதினால் இன்றைக்கு மாணவர்களுக்கு நினைவு வருவது வாட்ஸப். "செயலி சூடாகிறது" என்றால் எந்தச் செயலி என்று கேட்பான். நுண்செயலி என்றே எழுதிவிடுங்கள்.

- மென்பொருள் மொழிபெயர்ப்பாளர், சென்னை

* * *

ஆசிரியை அவர்களுக்கு,

"வேகம்" வடசொல். தொல்காப்பியர் உரியியலில் "கதழ்வும் துனைவும் விரைவின் பொருள" என்று ஒன்றுக்கு இரண்டாகச் சொல் எடுத்துக் கையில் கொடுத்திருக்கிறார். சங்கப் பாட்டில் கதழ்பரி என்று குதிரை ஓடுகிறது. அடிப்படை விரைவுக்குக் கதழ்வு, அந்தத் திடீர்ப் பாய்ச்சலுக்குத் துனைவு, த்ராட்லிங்குக்குக் கதழ்வொடுக்கம். மூன்றும் ஒரே குடும்பமாக நிற்கும். "கடுமை"யும் விரைவுதான், கடுமான் என்றால் விரைந்தோடும் குதிரை. ஆனால் இன்று கடுப்பு என்பதன் பொருள் கெட்டுப் போய்விட்டதால் அதைத் தவிர்த்தேன். எனக்கும் நடைமுறை தெரியும்.

- தமிழாசிரியர் (ஓய்வு), தஞ்சாவூர்

* * *

> கதழ்வொடுக்கம்

ஐயா, மன்னிக்க வேண்டும். முதலாண்டு மாணவன் இதைப் படித்தால் கதறிக்கொண்டுதான் வருவான். அவனுக்கு லினக்ஸே புதிது.

"வேகம்" என்பதில் ஒரு கிரந்த எழுத்தும் இல்லை. "வடசொற் கிளவி வடவெழுத்து ஒரீஇ" என்று அதே தொல்காப்பியர்தான் வழியும் விட்டிருக்கிறார்.

- திருச்சி

* * *

அந்த வழி செய்யுளுக்கு விட்ட வழி அம்மா. "இயற்சொல் திரிசொல் திசைச்சொல் வடசொல் என்று அனைத்தே செய்யுள் ஈட்டச் சொல்லே." கணினிக் கையேட்டுக்கு அவர் அனுமதி எழுதி வைக்கவில்லை.

- தஞ்சாவூர்

* * *

மட்டக்களப்பிலிருந்து வணக்கம்.

டிடிபி பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை, சிக்கல் அங்கேதான் கூட. தமிழ்நாட்டுப் பௌதிகத்தில் வாட்டில் அளப்பது "திறன்". எங்கட பாடப்புத்தகத்தில் அது "வலு". எங்களுக்குத் திறன் என்றால் பயனுறுதி மாதிரி ஒரு பொருள், வினைத்திறன் என்போம். உங்கள் "ஆற்றல்" எங்களுக்குச் "சக்தி". இப்போது "இந்த நுண்செயலியின் வெப்பத் திறன் 6 வாட்" என்று நீங்கள் எழுதினால் இங்கே வாசிக்கிற பிள்ளை அது ஏதோ கெட்டித்தனம் என்று நினைக்கும். உங்கள் பிள்ளைகளும் தப்ப ஏலாது, ஏனென்றால் அதே பக்கத்தில் பெர்ஃபாமன்ஸுக்கும் "செயல்திறன்" என்றுதான் எழுதப் போகிறீர்கள். 6 வாட் திறன், குறைந்த செயல்திறன், இரண்டும் ஒரே பத்தியில்! "வலு" என்று போட்டால் இரண்டு கரைக்கும் நல்லது.

அப்புறம் "மட்டு" என்ற சொல்லைப் பார்த்ததும் சும்மா இருக்க முடியவில்லை. எங்கள் ஊர்ப் பெயரின் மட்டுவுக்கு ஆழம் குறைந்த களப்பு (கடலோர உப்புநீர் ஏரி) என்று ஒரு சாரார் சொல்வார்கள். நான் மற்றக் கட்சி. "மட்டு வாய் திறப்பவும்" என்று பறம்பு மலையைப் பாடிய கபிலர் சொல்லும் மட்டு கள்ளிருந்த சாடி. மட்டு தேனுமாகும். மீன்பாடும் தேனாடு என்று எங்கள் ஊரைச் சொல்வது சும்மா இல்லை. அந்த இனிப்பான சொல்லைக் கொண்டுபோய் மெசினின் கழுத்தை நெரிக்கப் பயன்படுத்துகிறீர்களே.

- மட்டுநகர்

* * *

அளவு, எல்லை என்ற பொருளில் வரும் "மட்டு" வேறு சொல், கள் "மட்டு" வேறு சொல். இரண்டையும் ஒரே பானையில் போட வேண்டாம்.

- தஞ்சாவூர்

* * *

கழுத்து நெரிப்பு என்று நண்பர் விளையாட்டாகச் சொன்னாலும் அதுதான் வேர். ஆங்கிலச் சொல்லே தொண்டையிலிருந்து பிறந்தது. நமக்குத் தொண்டை மிடறு. ஆலகாலத்தை உள்ளேயும் போகவிடாமல் வெளியேயும் விடாமல் மிடற்றில் நிறுத்தியவனைக் கறைமிடற்றோன் என்கிறோம். வெப்பம் எல்லை மீறாமல் ஓரிடத்தில் மறிப்பதும் அதுவே அல்லவா? எனவே "மிடற்றடக்கம்". இதைப் பற்றி ஒரு தனிக் கட்டுரையே எழுதி வைத்திருக்கிறேன், வேண்டுவோர் கேட்டால் அனுப்புகிறேன்.

- மதுரை

* * *

யாரும் கேட்கவில்லை என்று பதிவு செய்துகொள்கிறேன். 🙂

லினக்ஸில் வேகத்தை ஏற்றி இறக்கும் பகுதிக்கு கவர்னர் என்று பெயர். முன்பு ஒரு தன்னார்வலர் அதை "ஆளுநர்" என்று மொழிபெயர்த்து, "ஆளுநர் செயலியின் வேகத்தைக் கட்டுப்படுத்துகிறார்" என்று ஒரு வரி வந்தது. மரியாதை விகுதியோடு. அரசியல் வேண்டாம் என்று "வேக ஆளி" ஆக்கினோம். வேர் பார்த்து மொழிபெயர்த்தால் இப்படித்தான் முடியும்.

- சென்னை

* * *

எனக்குச் சொல்லில் சண்டை இல்லை, தொகையில்தான். மட்டுப்படுத்தலோ தணிப்போ எதுவானாலும், முன்னால் "வெப்ப" சேர்த்ததும் பொருள் தலைகீழாகிறது. "வெப்பத் தணிப்பு" என்றால் எவனும் வெப்பத்தைத் தணித்தல் என்று இரண்டாம் வேற்றுமையாகத்தான் விரிப்பான். நமக்கு வேண்டியது வெப்பத்தால் வேகம் தணிதல், மூன்றாம் வேற்றுமை. தணிகிற பொருள் வேகம், காரணம் வெப்பம். காரணத்தை முன்னால் வைத்துப் பொருளை விழுங்கிவிட்டால் விசிறி மாட்டுவதும் "வெப்பத் தணிப்பு"தான், விசிறி இல்லாமல் வேகம் குறைவதும் "வெப்பத் தணிப்பு"தான்!

இன்னொன்று, தணிந்தது தன்வினை, தணித்தது பிறவினை. சில்லு தன்னைத்தானே குறைத்துக்கொள்கிறது. ஆகவே "தணிப்பு" அன்று, "தணிவு". நாம் வேண்டுமென்றே உச்சத்தைக் குறைத்து வைத்தால் அது தணிப்பு. ஓர் எழுத்து மாற்றத்தில் இரண்டு கருத்து கிடைக்கிறது, இதை ஏன் விட வேண்டும்?

"தளர்வு" என்று யாராவது சொல்லப் போகிறீர்கள். 2020-க்குப் பிறகு தளர்வு என்றால் கட்டுப்பாடு நீங்குவது. நேர் எதிர்.

- இயற்பியல் ஆசிரியர், நாகர்கோவில்

* * *

வேகத்தணிவு +1. தஞ்சாவூர் ஐயாவுக்காக விரைவுத்தணிவு என்றாலும் சரி.

- சிங்கப்பூர்

* * *

சொல்லுக்கு முன்னால் பொருளைப் பார்ப்போமா? ஆசிரியை எழுதியதில் எனக்கு ஓர் ஐயம். 2.48-லிருந்து 1.6-க்கு இறங்குவதை த்ராட்லிங் என்று எப்படிச் சொல்வது? இன்டெல் உறுதி சொல்வது 1.6-ஐத்தான். 6 வாட் என்ற அந்த டிடிபியும், எல்லாக் கருக்களும் அடிப்படை வேகத்தில் கடும் வேலை செய்யும்போது வெளிப்படும் சராசரி வெப்பத்தின் கணக்கு, உச்சச் செலவு அல்ல. பாய்ச்சல் என்பது இடம் இருந்தால் கிடைக்கும் உபரி. பிளாஸ்டிக் உடம்பு, விசிறி இல்லை, கிராஃபிக்ஸும் அதே 6 வாட்டில் பங்கு கேட்கிறது. அந்த நிலையில் உபரி நிற்பது இயல்பு. 1.6-க்கும் கீழே போனால்தான் உண்மையான த்ராட்லிங். இந்தச் சில்லுக்கு எல்லை 90 பாகை செல்சியஸ், அதைத் தொட்டால் தன்னைக் காத்துக்கொள்ள இறங்கும்.

ஆகவே உங்கள் கையேட்டுக்கு இரண்டு சொல் வேண்டும், "பாய்ச்சல் ஓய்தல்" ஒன்று, "வேகத்தணிவு" ஒன்று. முதலாவதற்கு மாணவன் கவலைப்படத் தேவையில்லை. இரண்டாவதற்கு லேப்டாப்பை மெத்தையிலிருந்து எடுத்து மேசையில் வைக்க வேண்டும்.

பெரும்பாலும் மாணவன் "ஸ்லோ" என்று புலம்புவதற்கு இரண்டுமே காரணமாக இருக்காது. 4 ஜிபி நினைவகமும் இஎம்எம்சி என்ற மலிவான, மெதுவான சேமிப்பகமும் போட்ட கணினியில் உலாவியில் பத்துத் தாவல் திறந்தால் நுண்செயலியைக் குறை சொல்லிப் பயனில்லை. ரேம் கூட்டலாம் என்றாலும் இந்தச் சில்லு 8 ஜிபிக்கு மேல் ஏற்காது, பல மாடல்களில் ரேம் போர்டோடு ஒட்டியே வரும்.

- வன்பொருள் ஆள், கோவை

* * *

கோவை நண்பருக்கு நன்றி, இது சொல்லைவிடப் பயன்பட்டது. இன்று மாணவர்களை வைத்து ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தோம். பெரும்பாலானவை 1.6-ஐ ஒட்டி நின்றுவிடுகின்றன. இரண்டு மட்டும் அதற்கும் கீழே போகின்றன. திறந்தால் சில்லின் சூட்டைக் கடத்தும் வெப்பப் பசை காய்ந்து பொடியாக இருக்கிறது, புதுசு போடச் சொல்லியாயிற்று. அவற்றைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் சொன்ன "ரிப்பேர்" சரிதான் போலிருக்கிறது.

கையேட்டில் போட்டிருப்பது: பாய்ச்சல் வேகம், பாய்ச்சல் ஓய்தல், வேகத்தணிவு (வெப்பத்தால்). டிடிபிக்கு "வடிவமைப்பு வெப்ப அளவு" என்று எழுதி வாட்டை அப்படியே விட்டுவிட்டேன். திறனும் வேண்டாம் வலுவும் வேண்டாம். தேர்வில் "திறன்" என்று எழுதிப் பழகிய பிள்ளைகளிடம் புதிதாக வலுவைக் கொண்டுபோக எனக்குத் துணிவில்லை.

- திருச்சி

* * *

> திறனும் வேண்டாம் வலுவும் வேண்டாம்

"அளவு" என்பது அலகில்லாத சொல் தங்கச்சி. எதன் அளவு? வாட்டும் ஒரு அளவு, பாகையும் ஒரு அளவு. வெப்பநிலையா வெப்பமா என்று ஏற்கெனவே குழம்புகிற பிள்ளைக்கு "வடிவமைப்பு வெப்ப அளவு 6" என்றால் ஆறு பாகை என்று எடுத்துக்கொள்ளும். வலு என்று போட்டு அடிக்குறிப்பில் திறன் என்று சொல்லலாமே.

- மட்டுநகர்

* * *

அடிக்குறிப்புக்குப் பக்கத்தில் இடமில்லை அண்ணா. வாட் என்று பக்கத்திலேயே இருக்கிறது, பாகை என்று எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அடுத்த பதிப்பில் பார்க்கலாம்.

- திருச்சி

* * *

சொற்பட்டியலில் "வேகத்தணிவு" ஏற்றிவிட்டேன், மட்டுப்படுத்தலை இணைய வேகத்தோடு நிறுத்திக்கொள்கிறோம். வேறு யாருக்கும் மறுப்பு இல்லையென்றால் இந்த இழையை மூடலாம்.

- சென்னை

* * *

எனக்கு மறுப்பு இருக்கிறது. பெரும்பான்மை ஏற்றது என்பதால் வேகம் தமிழாகிவிடாது. "பழையன கழிதலும் புதியன புகுதலும்" என்று யாராவது நன்னூலைத் தூக்கிக்கொண்டு வருவீர்கள். கழிய வேண்டிய பழையது கதழ்வு என்று பவணந்தியார் பட்டியல் கொடுக்கவில்லை. சொற்பட்டியலில் மாற்றுச் சொல் என்ற கட்டத்திலாவது "கதழ்வுத்தணிவு" என்று சேர்க்கக் கோருகிறேன். தணிவு வரைக்கும் நாகர்கோவிலாரோடு உடன்படுகிறேன்.

- தஞ்சாவூர்

* * *

மாற்றுச் சொல் கட்டத்தில் சேர்த்தாயிற்று ஐயா. மதுரை ஐயாவின் மிடற்றடக்கமும் கீழே இருக்கிறது. கட்டுரையை மட்டும் அனுப்ப வேண்டாம்.

- சென்னை