பொதுவான கோரிக்கையை மட்டும் வைத்தால் போதுமா?

குமரன்_பிரிக்பீல்ட்ஸ்:
கோலாலம்பூரில் எங்கள் வட்டாரத்து மாற்றுத்திறனாளிகள் சேர்ந்து மாநகர் மன்றத்துக்கு ஒரு மகஜர் கொடுக்கலாம் என்று கூடினோம், சீக்கிரமே முட்டிக்கொண்டது. பார்வையற்றவர்கள் கோலால் தடவி வழி அறிய நடைபாதையில் பதித்திருக்கும் மேடுபள்ளமான மஞ்சள் கற்கள் சக்கர நாற்காலியை உலுக்கி எடுக்கின்றன, பெயர்க்கச் சொல்வோம் என்றார் ஒருவர் (நானும் நாற்காலியில்தான், அந்த வலி எனக்கும் தெரியும்). அது போனால் நாங்கள் வீட்டிலேயே கிடக்க வேண்டியதுதான் என்று பார்வையற்ற நண்பர்கள் எழுந்துவிட்டார்கள். காது கேளாதவர்கள் அப்புறம் வரவே இல்லை. எல்லாருக்கும் பொதுவானதை மட்டும் எழுதி, மற்றதைப் பிறகு பார்க்கலாமா?

வெள்ளைக்கோல்:
வேண்டாம் அண்ணே. பொதுவானது மட்டும் என்று ஆரம்பித்தால் ஆள் குறைவாக இருப்பவர்களின் தேவைதான் முதலில் விழும். குறுகலான நடைபாதையில் கல்லை நடுவிலேயே பதித்ததால் வந்த சண்டை இது. ஓரமாக எங்களுக்கு வழிகாட்டும் கோட்டுக் கல், பக்கத்திலேயே உங்கள் சக்கரம் போகச் சமமான தரை, இரண்டுக்கும் இடம் விட்டால் போதும். சாலையைக் கடக்கும் இடத்தில் உங்களுக்காகத் திண்டைச் சரிவாக்கினால் பாதை எங்கே முடிகிறது என்பது என் கோலுக்குத் தெரியாது, நேராகச் சாலையில் இறங்கிவிடுவேன், அதனால் அங்கே நில் என்று எச்சரிக்கும் புள்ளிக் கல் கட்டாயம். சேர்ந்து ஒருமுறை நடந்து பார்த்து ஒரே வரைபடமாகக் கொடுங்கள். நடைபாதையில் மோட்டார் சைக்கிள் நிறுத்துகிறார்களே, அதையும் எழுதுங்கள், அதில் நமக்குள் சண்டையே வராது.

பினாங்கு_மலர்:
வராதவர்களிடம் ஏன் வரவில்லை என்று கேட்டீர்களா? கூட்டத்தில் சைகை மொழிபெயர்ப்பாளர் இருந்தாரா? எனக்கு வளர்ந்த பிறகுதான் காது போனது, அதனால் தமிழ் எழுதுகிறேன். பிறவியிலேயே கேளாத நம் பிள்ளைகள் பலருக்குப் பள்ளியில் கிடைத்தது மலேசிய சைகை மொழியும் மலாயும்தான். வாட்ஸ்அப்பில் தமிழில் குரல் பதிவாகப் போட்டுத் தள்ளினால் அவர்களுக்கு என்ன எட்டும்? கீழே இரண்டு வரி மலாயில் எழுதுங்கள். மலேசியாவின் 2008 மாற்றுத்திறனாளிகள் சட்டமே அந்தச் சைகை மொழியை ஏற்றிருக்கும்போது நம் கூட்டத்தில் அதற்கு இடமில்லை என்றால் எப்படி?

செந்தூல்_அம்மா:
என் மகனுக்குக் கற்றல் குறைபாடு. ஓகேயூ (அரசாங்கத்தின் மாற்றுத்திறனாளி) பதிவில் ஏழு பிரிவுகள் இருக்கின்றன, மனநலப் பிரிவு உட்பட. உங்கள் கூட்டத்தில் மூன்றுதான் தெரிகிறது. எங்களைக் கூப்பிடும்போது பெற்றோரை மட்டும் கூப்பிடாதீர்கள் தம்பி. அவசரப்படுத்தாமல் கேட்டால் எல்ஆர்டி ரயிலில் எது பயமாக இருக்கிறது என்று என் மகனே சொல்வான்.

பொதுவான கோரிக்கைதான் வேண்டுமென்றால் மலர் சொன்ன அந்தச் சட்டத்தைப் பிடியுங்கள். 2008-இல் அதைக் கொண்டுவந்தபோது மீறுபவர்களுக்குத் தண்டனை வைக்கவில்லை, அரசாங்கத்தின் மேல் வழக்குப் போட முடியாதபடி 41ஆம் பிரிவையும் சேர்த்தார்கள். அரசியலமைப்பின் 8(2) விதி மதம், இனம், பாலினம் என்று பாகுபாட்டைத் தடுக்கிறது, உடற்குறை அந்தப் பட்டியலில் இல்லை. கல்லோ, சைகையோ, என் மகனின் பள்ளியோ, கேட்டு வாங்க முடியாமல் எல்லாரும் நிற்பது இந்த ஒரே இடத்தில்தான்.

குமரன்_பிரிக்பீல்ட்ஸ்:
சரி அக்கா, தம்பியையும் அழைத்து வாருங்கள். கல் விஷயத்தை வெள்ளைக்கோலும் நானும் சேர்ந்து எழுதுகிறோம். மலர், கேஎல்லில் (கோலாலம்பூரில்) சைகை மொழிபெயர்ப்பாளர் யாரையாவது தெரியுமா? அவருக்கான கட்டணத்தை எல்லாரும் பகிர்ந்துகொள்வோம், காது கேளாதவர்கள் தலையில் கட்ட மாட்டோம்.