விருந்து சாப்பிட்ட மறுநாள் என்ன செய்வது? எடை குறைத்து ஒரு வருடம் ஆகிறது

கோத்தகிரி மலர்:

எல்லோருக்கும் வணக்கம். கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் கணக்கு எழுதுகிறேன். வயது 41. இரண்டு வருடம் முன்பு 77 கிலோ இருந்தேன். சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று டாக்டர் சொன்ன பிறகு சாப்பாட்டை ஒழுங்குபடுத்தி, தினமும் மேடு ஏறி நடந்து, 64-க்கு வந்தேன். ஒரு வருடத்துக்கு மேலாக அங்கேயே நிற்கிறது.

இந்த மார்கழி, தையில் விசேஷம் மேல் விசேஷம். எங்கள் படுகர்களின் ஹெத்தை அம்மன் பண்டிகை, அப்புறம் பொங்கல், கோவையிலிருந்து நாத்தனார் குடும்பம் வேறு வந்து தங்கியது. எங்கள் ஹட்டியில், அதாவது ஊரில், பந்தியில் உட்கார்ந்தால் சோறு, அவரைக் குழம்பு, உருளைக்கிழங்கு, நெய், இனிப்பு என்று வந்துகொண்டே இருக்கும். விரும்பித்தான் சாப்பிட்டேன், அதில் வருத்தம் இல்லை. ஆனால் திங்கள்கிழமை காலை எடை மிஷினில் ஏறினால் 65.9. சனிக்கிழமை 64.1 இருந்தது.

நாத்தனார், மறுநாள் முழுக்க கொள்ளு ரசமும் வெந்நீரும் மட்டும் குடி, இறங்கிவிடும் என்கிறார். குன்னூரில் ஜிம் வைத்திருக்கும் தெரிந்த தம்பி, வாரம் ஒரு நாள் இஷ்டத்துக்குச் சாப்பிட ஒதுக்கிவிடுங்கள் அக்கா, மற்ற நாளில் ஆசை வராது என்கிறார். எதைக் கேட்பது? இந்த 1.8 கிலோ நிஜமாகவே ஏறியதா? தையில் இன்னும் கல்யாணங்கள் இருக்கின்றன.

பெட்போர்டு அக்கா:

மலர், முதலில் அந்த 1.8 கிலோவைப் பார்த்துவிடுவோம். பயம் அங்கேதான் தொடங்குகிறது. நான் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். நானும் எடை குறைத்து, அதைப் பல வருடமாகக் காப்பாற்றி வருகிறேன்.

ஒரு கிலோ உடல் கொழுப்பு சுமார் 7700 கலோரி. 1.8 கிலோவும் கொழுப்பாக இருக்க வேண்டுமானால், உங்கள் உடம்புக்குத் தேவையானது போக கிட்டத்தட்ட 14,000 கலோரி அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையில் உள்ளே போயிருக்க வேண்டும். எந்தப் பந்தியிலும் அவ்வளவு சாப்பிட முடியாது. சோறும் இனிப்பும் கிளைகோஜன் என்ற மாவுச்சத்தாக ஈரலிலும் தசையிலும் சேர்கின்றன. ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைக்கும். அளவாகச் சாப்பிடுகிறவர்களுக்கு இந்தக் கையிருப்பு குறைவாக இருக்கும், விருந்தன்று நிரம்பும். 300 கிராம் நிரம்பினாலே தண்ணீரோடு சேர்த்து 1.2 கிலோ காட்டும். மீதி உப்பு பிடித்து வைத்த நீர், வயிற்றிலும் குடலிலும் இன்னும் இருக்கும் உணவு. கொழுப்பும் கொஞ்சம் சேர்ந்திருக்கும், ஆனால் அது மிஷின் காட்டியதில் சிறு பங்குதான். வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பினால் பெரும்பகுதி சில நாளில் தானாக இறங்கிவிடும்.

இதனால்தான் மறுநாள் பட்டினி வேண்டாம் என்று அழுத்திச் சொல்கிறேன். இல்லாத கொழுப்பைக் கரைக்க உடம்பை வருத்துவது அது. செவ்வாய்க்கிழமை எடை இறங்கியதும் பட்டினியால் இறங்கியது என்று மனம் நம்பிவிடும், தண்ணீர் எப்படியும் இறங்கியிருக்கும் என்று தோன்றாது. அடுத்த விருந்துக்கு அடுத்த பட்டினி. பட்டினி கிடந்த மறுநாள் மாலை ஐந்து மணிக் குளிரில் டீயும் வர்க்கியும் எதிரே வந்தால் எத்தனை உள்ளே போகும் என்று நீங்களே யோசியுங்கள்.

1975-ல் ஹெர்மன், மேக் என்ற ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். சிலருக்கு முதலில் மில்க் ஷேக் கொடுத்துவிட்டு, பிறகு ஐஸ்கிரீமை வேண்டுமளவு சாப்பிடச் சொன்னார்கள். சாப்பாட்டில் கட்டுப்பாடு இல்லாதவர்கள் மில்க் ஷேக் குடித்ததற்கு ஏற்றபடி ஐஸ்கிரீமைக் குறைத்துக்கொண்டார்கள். எப்போதும் கட்டுப்பாட்டில் இருப்பவர்களோ மில்க் ஷேக் குடித்த பிறகு ஐஸ்கிரீமை அதிகமாகச் சாப்பிட்டார்கள். நனைஞ்ச பிறகு முக்காடு எதுக்கு என்ற நினைப்புதான். ஒரு வேளை கூடினால் அந்த நாளே போச்சு, இனி அடுத்த திங்கள்கிழமை பார்க்கலாம் என்று விட்டுவிடுகிறோம். எடை திரும்ப ஏறுவது இந்த இடத்தில்தான். விருந்து ஒரு வேளையோடு முடிந்தது. அடுத்த வேளை உங்கள் வழக்கமான வேளை, அவ்வளவுதான். ராகிக் களி, கீரை, மோர், முட்டை, எது உங்கள் வழக்கமோ அதையே சாப்பிடுங்கள்.

இன்னொன்று. எடை குறைத்தவர்களுக்குப் பசி கூடுவது மனபலம் இல்லாததால் அல்ல. 1944-45-ல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஆன்செல் கீஸ் 36 ஆண்களை 24 வாரம் அரைப்பட்டினியில் வைத்து ஆராய்ந்தார். பிறகு வேண்டிய அளவு உணவு கொடுத்தும் பலருக்கு வயிறு நிறைந்த பின்னும் பசி அடங்கவில்லை. கொழுப்பு குறைந்தால் லெப்டின் என்ற ஹார்மோன் குறையும், பசி கூடும். உடம்பு தன் வேலையைச் செய்கிறது. அதன் மேல் இன்னொரு பட்டினியை ஏற்றாதீர்கள்.

வாரம் ஒரு நாள் இஷ்டத்துக்கு என்பதும் உங்களுக்கு வேண்டாம் என்பது என் கருத்து. நம் ஊரில் விசேஷம் தானாகவே வருகிறது. அதற்கு மேல் வாரா வாரம் ஒன்றை நாமே உண்டாக்கினால் எப்போதாவது வந்தது எப்போதும் ஆகிவிடும். அமெரிக்காவில் 1994-ல் ரீனா விங்கும் ஜேம்ஸ் ஹில்லும் ஒரு பதிவேடு தொடங்கினார்கள். குறைந்தது 13.6 கிலோ குறைத்து ஒரு வருடமாவது காத்தவர்கள்தான் அதில் சேரலாம். வார நாளிலும் விடுமுறையிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி சாப்பிடுகிறவர்கள் எடையை நன்றாகக் காக்கிறார்கள் என்று அதில் தெரிந்தது.

எடையை வாரம் ஒரு முறை பாருங்கள், ஆனால் திங்கள்கிழமை வேண்டாம், வியாழன் காலை பாருங்கள். 66-ஐத் தாண்டி இரண்டு மூன்று வாரம் நின்றால் அப்போது தினசரி அளவைக் கொஞ்சம் குறைக்கலாம்.

எமரால்டு தம்பி:

அக்கா சொல்வது சரிதான், ஆனால் எனக்கு வேறு அனுபவம். கேரட் தோட்டம் வைத்திருக்கிறேன். கறி விருந்து சாப்பிட்ட மறுநாள் காலை நான் எதுவும் சாப்பிடுவதில்லை, மதியம்தான். எடை ஏறவே இல்லை. எல்லோருக்கும் பட்டினி கெடுதல் என்று சொல்ல முடியுமா?

பெட்போர்டு அக்கா:

தம்பி, காலையில் பசி இல்லாமல் சாப்பிடாமல் இருக்கிறீர்கள். அது உடம்பு கேட்டபடி நடப்பது, அதில் தவறில்லை. காலையில் பசித்தும், நேற்று தின்றதற்குத் தண்டனை என்று வயிற்றைக் காயப்போடுவதைத்தான் நான் வேண்டாம் என்கிறேன். நாள் முழுக்கத் தோட்டத்தில் குனிந்து நிமிர்கிறவருக்கும் நாற்காலியில் உட்கார்ந்து கணக்கு எழுதுகிறவருக்கும் ஒரே கணக்கு வராது. சர்க்கரைக்கு இன்சுலினோ, சர்க்கரையை வேகமாக இறக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள் ஒரு வேளையை விட்டால் தாழ்சர்க்கரை வந்து மயங்கலாம். அவர்கள் டாக்டரைக் கேட்காமல் எந்த வேளையையும் விடக் கூடாது.

படிக்கிற மற்றவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். வாரம் ஒரு முறையாவது, மூன்று மாதமாக, நிறுத்த நினைத்தும் நிறுத்த முடியாமல் அளவுக்கு மீறிச் சாப்பிட்டு, பிறகு மனம் நொந்து போகிறீர்கள் என்றால் அதற்கு மருத்துவம் இருக்கிறது. வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

ஏரிச்சாலை மாஸ்டர்:

கொடைக்கானலில் கல்யாணங்களுக்குச் சமைக்கிறேன். பரிமாறும் பக்கத்திலிருந்து கொஞ்சம் சொல்கிறேன் அம்மா. எல்லாவற்றையும் வேண்டாம் என்பவர்களைப் பார்த்தால்தான் எங்களுக்குக் கஷ்டமாக இருக்கும். எல்லாம் கொஞ்சம் வையுங்கள் என்று சொல்லிவிட்டு ரசித்துச் சாப்பிடுகிறவர்களைப் பார்த்தால் சந்தோஷம்தான். கூட்டும் பொரியலும் முதலில் தீரட்டும். சோற்றை ஒரே முறை வாங்கி, சாம்பாருக்கும் ரசத்துக்கும் மோருக்கும் நீங்களே பிரித்துக்கொள்ளுங்கள். விருந்து இருக்கிறதே என்று காலையிலிருந்து வயிற்றைக் காலியாக வைத்துக்கொண்டு வராதீர்கள். முதல் பந்தியில் இடம் கிடைக்காமல் மூன்றாம் பந்தி வரை காத்திருந்தவர்கள் சாப்பிடும் வேகத்தை நான் பார்த்திருக்கிறேன்.

சாப்பிட்டபின் நடப்பது நல்லது, சர்க்கரை ஏறும் வேகம் குறையும். நான் ஏரியைச் சுற்றுவேன், சுமார் 5 கிலோமீட்டர். ஆனால் ஒரு கல்யாணச் சாப்பாட்டை அது ஈடுகட்டாது. ஈடுகட்ட வேண்டும் என்று நடந்தால் நடையே கசந்துவிடும்.

பெட்போர்டு அக்கா:

மாஸ்டர் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை விட்டுவிட்டேன் மலர். ஃபேக்டரியில் டீ எத்தனை முறை வரும்? இந்தக் குளிருக்கு ஐந்து ஆறு டம்ளர் சாதாரணம். இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டால் ஒரு டம்ளரில் சர்க்கரை மட்டும் 35, 40 கலோரி. ஐந்து டம்ளருக்கு 200 என்று வைத்தால் மாதம் 6000. பண்டிகை வந்து போய்விடும், இது தினமும் இருக்கும். கவனம் வைப்பதானால் அங்கே வையுங்கள்.

கோத்தகிரி மலர்:

அக்கா, மாஸ்டர், தம்பி, மூவருக்கும் நன்றி. இன்று புதன், இன்னும் மிஷினில் ஏறவில்லை, நாளைக்குத்தான் பார்க்கப் போகிறேன். டீயில் சர்க்கரை ஒன்றரை ஸ்பூன், இனி அரை ஸ்பூன் ஆக்குகிறேன். ஒரே ஒரு சந்தேகம். பந்தியில் சமாளித்துவிடலாம், கிளம்பும்போது மாமியார் ஒரு பை நிறைய லட்டும் முறுக்கும் கட்டிக் கொடுப்பார். மறுத்தால் மனம் கோணும்.

ஏரிச்சாலை மாஸ்டர்:

மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டில் அன்றைக்கே ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொண்டு, மீதியை மறுநாள் காலை ஃபேக்டரிக்கு எடுத்துப் போய் இலை கொண்டு வருகிறவர்களுக்கும் ஷிஃப்டில் இருப்பவர்களுக்கும் கொடுங்கள். மாமியாரிடமும் சொல்லுங்கள், உங்கள் லட்டு நன்றாக இருந்ததாம், எல்லோரும் கேட்டார்கள் என்று. அடுத்த முறை அவர்களுக்கென்றே ஒரு டப்பா தனியாகக் கட்டுவார்.