செவலைக்கு ஊசி போட்ட அன்று

கடலூர், தேவனாம்பட்டினம்:

தெருநாய்க்குக் கருணை ஊசி போட வேண்டி வந்தவர்கள் இங்கே சொல்லுங்கள். என்னுடையதை முதலில் எழுதிவிடுகிறேன்.

செவலை, பீச் ரோட்டு டீக்கடைக் குட்டி. நாலு மாதம் இருக்கும். கண்ணில் பீளை, மூக்கில் சளி. மழையில் நனைந்ததுதான் என்று விட்டுவிட்டேன். ஒரு வாரத்தில் எதையோ மெல்வதுபோலத் தாடை தானாக ஆடத் தொடங்கியது. பின்னங்கால் ஒன்று தூக்கத்திலும் துடித்துக்கொண்டே இருக்கும். நாய்க் காப்பகத்து டாக்டர் பார்த்ததுமே டிஸ்டெம்பர் என்றார், நாய்களுக்கு வரும் வைரஸ் நோய். அந்த வைரஸை அழிக்க மருந்து கிடையாது, நரம்பு வரை போய்விட்டால் பிழைப்பது அபூர்வம் என்றார். நான் கேட்கவில்லை. வீட்டுக்குத் தூக்கிவந்து ஒன்பது நாள் சிரிஞ்சில் கஞ்சி புகட்டினேன்.

டாக்டர் என்னோடு மல்லுக்கட்டவில்லை. "ராத்திரி எத்தனை தடவை வலிப்பு வருதுன்னு கோடு போட்டுட்டு வாங்க" என்றார், அவ்வளவுதான். மருந்துக்கடை பில்லின் பின்பக்கம் போட்டேன். முதல் ராத்திரி 4 கோடு. கடைசி ராத்திரி 23. விடிந்ததும் நானே ஆட்டோ பிடித்தேன்.

போனவுடன் போட்டுவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன். இல்லை. தெருநாய்க் கருத்தடைக்கான மத்திய அரசின் 2023 விதிகளின்படி, தீராத நோய் அல்லது பிழைக்க முடியாத காயம் என்று அதற்கென அமைத்த குழு சொல்ல வேண்டும். தூக்கிவந்தவர் அழுதாலும் ஆகாது, தெருக்காரர்கள் கத்தினாலும் ஆகாது. மதியம் கையெழுத்தானது. இன்னொரு நாயின் கண்முன் செய்யக் கூடாதாம், தனி அறைக்குக் கொண்டுபோனார்கள். முதலில் தூங்க ஊசி. தாடை நின்றது, அந்தக் கால் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. அப்புறம் முன்னங்கால் நரம்பில் மயக்க மருந்தையே பல மடங்காக ஏற்றினார். கால் நின்றது. ஸ்டெதாஸ்கோப் வைத்தார், கருவிழியைத் தொட்டுப் பார்த்தார், சில நிமிடம் விட்டு மறுபடியும் வைத்தார்.

ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும்: உடலைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். மருந்து உடம்பிலேயே தங்கும், அதைத் தின்னும் காக்கையும் நாயும் சாகும். தெரிந்தவர் சவுக்குத் தோப்பில் இடுப்பளவு தோண்டிப் புதைத்தோம்.

புதுச்சேரி, லாஸ்பேட்டை:

எனக்கு நடந்தது நேர்மாறு. எங்கள் தெரு நாய்க்குப் பின்புறம் காலிஃபிளவர் மாதிரி கட்டி, ரத்தம் சொட்டும். "ஊசி போட்டு முடிச்சிடுங்க" என்று தெருவே சொன்னது. நானும் அந்த எண்ணத்தில்தான் கொண்டுபோனேன். இது இணைசேரும்போது தொற்றும் புற்று, பெரும்பாலும் குணமாகிவிடும் என்று டாக்டர் வின்கிரிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்தை ஆரம்பித்தார். வாரம் ஒன்று, மொத்தம் ஐந்து ஊசி. கட்டி இருந்த இடமே தெரியவில்லை. பிறகு கருத்தடையும் செய்து, அது முடிந்ததற்கான காது வெட்டு அடையாளத்தோடு அதே தெருவில் விட்டோம்.

கடலூர்:

வாராவாரம் எப்படிங்க பிடிச்சீங்க?

லாஸ்பேட்டை:

பொறையைக் காட்டித்தான். மூன்றாவது வாரம் அந்த ஆட்டோ சத்தம் கேட்டாலே மதகுக்குள் புகுந்துகொண்டது. நான்காவது ஊசிக்கு வேறு ஆட்டோ பிடித்தோம்.