சிகிச்சை முடிந்தது, கணவர் மேல் கசப்பு தீரவில்லை: பேசுவதா, பிரிவதா?

மல்லி: ஒரு நிலைமையை வைத்துப் பேசுவோம். மார்பகப் புற்றுநோய். எட்டு கீமோ, ஆபரேஷன், ரேடியேஷன் முடிந்து இப்போது நோய் திரும்பாமலிருக்க டமாக்சிஃபென் மாத்திரை ஓடுகிறது. கணவர் பில் கட்டினார், வார்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. பார்த்துக்கொண்டது பெண்ணின் அம்மா. "அதான் சரியாயிருச்சே" என்கிறார் கணவர். மனைவிக்கு ஆறவில்லை. பேசித் தீருமா?

பாண்டிநாடன்: பிரிவுப் பேச்சை இப்போது எடுக்கவே கூடாது. டமாக்சிஃபென் போடுகிறவர்கள் பலருக்கு நடுராத்திரி உடம்பு கொதித்து, வியர்த்து, தூக்கம் போகும். தூக்கம் கெட்டால் பழைய கோபம் இரண்டு மடங்காகும். முதலில் மனநல மருத்துவரைப் பாருங்கள். டமாக்சிஃபென் எடுப்பதைச் சொல்லிவிட்டுத்தான் மருந்து வாங்க வேண்டும். மனச்சோர்வுக்குத் தரும் ஃப்ளூவாக்ஸெடின், பராக்ஸெடின் இரண்டும் டமாக்சிஃபெனின் வேலையைக் குறைக்கும். வென்லாஃபாக்ஸின் போல மாற்று உண்டு. இன்னொன்று, லட்சக்கணக்கில் பணம் புரட்டியதும் துணை நின்றதுதான்.

கீமோவார்டு: மருந்து விஷயம் சரி, மற்றது சரியில்லை சார். "வரவில்லை" என்ற பொதுக் குறையில் இல்லை கசப்பு, ஏதோ ஒரு ராத்திரியில் இருக்கிறது. கீமோ ஏற்றிய 7-ம் நாளிலிருந்து 14-ம் நாள் வாக்கில் தொற்றை எதிர்க்கும் ரத்த வெள்ளை அணு இறங்கிக் கிடக்கும். அப்போது காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் தொட்டால் மாத்திரை போட்டு அமுக்கக் கூடாது, விடியும்வரை காத்திருக்கவும் கூடாது. தெர்மாமீட்டரைப் பிடித்துக்கொண்டு, ஆட்டோ கூப்பிடலாமா என்று வயசான அம்மாவோடு முடிவெடுத்தவளிடம் ரசீதைக் காட்டி என்ன பயன்?

கனடாவில் தம்பதிகளுக்கான மனநல சிகிச்சை தந்த சூ ஜான்சனும் அவரோடு இருந்தவர்களும், தேவைப்பட்ட நேரத்தில் துணை கைவிட்ட இந்தக் காயத்துக்கென்றே ஒரு முறை வைத்திருந்தார்கள். 2006-ல் வந்த ஆய்வில் 24 ஜோடிகளில் 15 ஜோடிக்குத் தீர்ந்தது. அவள் அந்த ஒரு ராத்திரியை மட்டும் சொல்ல வேண்டும். அவர் "ஆனா" போடாமல் கேட்டு, அவள் பட்டதைத் தன் வாயால் திருப்பிச் சொல்லி, தப்பை ஏற்க வேண்டும். அன்றைக்கு எதிர்பார்த்ததை அவள் இன்றைக்குக் கேட்க, அவர் கொடுக்க வேண்டும். "உனக்கு அப்படித் தோணியிருந்தா ஸாரி" கணக்கில் வராது. பாதியிலேயே "எனக்கும் பயமா இருந்துச்சு" என்று ஆரம்பிப்பதில்தான் பெரும்பாலும் கெடுகிறது. உண்மையாகவே பயந்திருக்கலாம், அவள் முடித்த பிறகு சொல்லட்டும். அவள் மாமியார் இருக்கும்போது இந்தப் பேச்சே வேண்டாம்.

கோர்ட்டுவாசல்: மீதி 9 ஜோடி? பயம் இருவருக்கும் பொது என்றால் கணக்கு ஏன் இப்படி இருக்கிறது? அமெரிக்காவில் 2009-ல் 515 நோயாளிகளை வைத்து வந்த ஆய்வில், மனைவி நோயாளியானால் பிரிவு 20.8 சதவீதம், கணவன் நோயாளியானால் 2.9. பேசவே உட்காராத ஆளிடம் முறை பேசிப் பலனில்லை.

ஆனால் அவசரப்பட்டு மனு போடாதீர்கள். இருவர் சம்மதத்தோடு என்றால் இந்துத் திருமணச் சட்டம் 13பி-யில் ஒரு வருடம் பிரிந்திருக்க வேண்டும். கணவன் மனைவியாக வாழாமல் ஒரே கூரையின் கீழ் இருந்தாலும் அது செல்லும். பிறகு ஆறு மாதக் காத்திருப்பு. 2017 சுப்ரீம் கோர்ட் தீர்ப்புக்குப் பின் நீதிபதி அதைத் தளர்த்தலாம். பலர் மறப்பது இன்சூரன்ஸ். கணவர் பெயரில் குடும்ப பாலிசி என்றால் விவாகரத்தோடு மனைவி பெயர் போய்விடும். புதிதாக எடுத்தால் கம்பெனி தரத் தயங்கும், கொடுத்தாலும் இருக்கும் நோய்க்கு 36 மாதம் வரை காத்திருக்க வேண்டும். அதனால் மனுவுக்கு முன்பே, அதே கம்பெனியில் தனி பாலிசியாகப் பிரித்து, ஏற்கெனவே கழிந்த காலத்தைக் கணக்கில் ஏற்றித் தரச் சொல்லி எழுத்தில் கேளுங்கள்.

பாண்டிநாடன்: நீங்களே அவசரம் வேண்டாம் என்கிறீர்கள் சார். அதைத்தானே நானும் சொன்னேன்? மனுஷனுக்கு ஒரு வாய்ப்புக் கொடுக்க வேண்டாமா?

கீமோவார்டு: கொடுக்கலாம், வாயால் இல்லை. முதல் மூன்று வருடம் 3 முதல் 6 மாதத்துக்கு ஒரு செக்கப் வரும். அதற்கு முந்தின வாரம்தான் இவர்களுக்கு உயிர் போய் உயிர் வரும். அவர் லீவு போட்டு, ஃபைலைத் தானே எடுத்து, டாக்டர் முன் உட்கார்ந்து, எந்தக் கை ஆபரேஷன் பக்கம், எதில் பிபி பார்க்கக் கூடாது என்று அவர் வாயால் சொல்லட்டும். அம்மா வீட்டில் இருக்கட்டும்.

கோர்ட்டுவாசல்: லீவு கிடைக்கவில்லை என்று தன் தங்கையை அனுப்பிவைத்தால்?

கீமோவார்டு: அன்றைக்கே பாலிசி பேப்பரை எடுக்கச் சொல்லுங்கள்.