9 வோல்ட் அடப்டர் போட்டும் பழைய மோடம் பதில் சொல்லவில்லை

கல்லடிக்காரன்

கனடாவில் இருக்கும் சித்தப்பா இந்தமுறை வந்தபோது வெளியே வைக்கிற 14.4 மோடம் (டெலிபோன் லைன் வழியாகக் கணினிகளைக் கதைக்க வைக்கிற பெட்டி) ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். என்னிடம் ஒரு 486 கணினி ஓடிக்கொண்டிருக்கிறது, இன்னொரு பழைய பெட்டிக்குள் மோடம் கார்ட்டும் இருக்கிறது. இரண்டையும் ஒன்றோடொன்று கதைக்க வைத்து அந்தக் கீச்சுச் சத்தத்தைப் பிள்ளைகளுக்குக் காட்ட ஆசை. ஆனால் அடப்டரில் 120 வோல்ட் என்று எழுதியிருப்பதை ஒருத்தரும் பார்க்கவில்லை, மருமகன் சுவரில் குத்திவிட்டான், கொஞ்ச நேரத்தில் வீடெல்லாம் மணம். அடப்டர் முடிந்தது.

அதில் வெளியே வருவது 9 வோல்ட், 1 அம்பியர் என்று இருந்ததால் டவுனில் அதே அளவில் ஒன்று வாங்கிப் போட்டேன். லைட் எல்லாம் எரிகிறது. ஆனால் மோடத்தைக் கூப்பிடுகிற கட்டளையான ஏடி என்று அடித்தால் திரையில் ஒன்றும் இல்லை, அடிக்கிற எழுத்துகூட வருவதில்லை. 2400, 9600, 19200 எல்லா வேகத்திலும் பார்த்தாகிவிட்டது. ஒரு விசித்திரம் என்னவென்றால், லைனை எடுக்கச் சொல்லுகிற ஏடிஎச்1 என்று அடித்து என்டர் தட்டினால் உள்ளே டிக் என்று ரிலே சத்தம் கேட்கிறது, லைன் எடுத்ததைக் காட்டுகிற ஓஎச் லைட்டும் எரிகிறது. ஏடிஎச்0 கொடுத்தால் அணைகிறது. அப்போ இது உயிரோடு இருக்கிறதா இல்லையா?

ஏறாவூர்_பழசு

கேபிளைப் பாருங்கள் மச்சான். கணினிக்குக் கணினி போடுகிற நல்-மோடம் கேபிளைச் செருகியிருப்பீர்கள், மோடத்துக்கு நேர் கேபிள் வேண்டும். 2, 3ஆம் கால் வயர் இரண்டையும் மாற்றி ஒட்டுங்கள். அடப்டரில் பிழை இருக்காது, உள்ளே எப்படியும் ஏசியை டிசி ஆக்குகிற ரெக்டிஃபையர் இருக்கும், ஏசி கொடுத்தாலும் டிசி கொடுத்தாலும் அதற்கு ஒன்றுதான்.

காத்தான்குடி ரேடியோ

கேபிள் மாறியிருந்தால் ஏடிஎச்1 உள்ளே போயே இருக்காது. கட்டளை போகிறது, பதில் மட்டும் வரவில்லை. தம்பி, எரிந்த அடப்டரை எறியாமல் வைத்திருந்தால் லேபிளைத் திரும்பப் பாருங்கள், 9 வோல்ட் என்பதற்குப் பக்கத்தில் ஏசி என்று இருக்கும் அல்லது ஒரு அலைக்கோடு இருக்கும். கடையில் தந்தது டிசி.

ஏறாவூர் தம்பி சொன்ன ரெக்டிஃபையர் இருப்பது உண்மைதான், ஆனால் இந்த மாதிரி மோடங்களில் அது நான்கு டயோட் சேர்ந்த பிரிட்ஜ் இல்லை. ஏசி வயர் ஒன்று கிரவுண்ட். மற்ற வயரிலிருந்து ஒரு டயோட் மேல்பாதி அலையை எடுத்துப் பிளஸ் ஆக்குகிறது, இன்னொரு டயோட் கீழ்ப்பாதியை எடுத்து மைனஸ் ஆக்குகிறது. 9 வோல்ட் ஏசியின் உச்சி 12.7, டயோடில் 0.7 போனால் கிட்டத்தட்ட பிளஸ் 12, மைனஸ் 12. கணினியோடு பேசுகிற சீரியல் போர்ட்டுக்கு இரண்டும் வேண்டும். டிசி கொடுத்தால் பிளஸ் பக்கம் மட்டும் நிறைகிறது, அதிலிருந்து 7805 என்கிற ரெகுலேட்டர் வழியாக 5 வோல்ட் வருகிறது, அதனால் லைட்டும் மூளையும் ரிலேயும் வேலை செய்கின்றன. மைனஸ் பக்கம் காலி.

உள்ளே 1489, 1488 என்று இரண்டு 14 கால் ஐசி இருக்கிறதா பாருங்கள். கேட்கிற காது 1489, அதற்கு 5 வோல்ட் போதும். பேசுகிற வாய் 1488, அதற்குப் பிளஸ் மைனஸ் இரண்டும் இல்லாமல் ஆகாது. உங்கள் மோடத்துக்குக் காது கேட்கிறது, வாய் திறக்கவில்லை. மீட்டரின் கறுப்பை 1488இன் 7ஆம் காலில் வைத்து, சிவப்பால் 14ஐயும் 1ஐயும் தொடுங்கள். 14இல் பிளஸ் வரும். 1இல் மைனஸ் 9 முதல் 12 வரை வரவேண்டும், உங்களுக்குப் பூச்சியம் வரும் என்றுதான் நினைக்கிறேன்.

கல்லடிக்காரன்

நானா, 14ஆம் காலில் 11.8, 1ஆம் காலில் 0.02. லேபிளில் ஏசி என்றே இருக்கிறது, கண்ணாடி போடாமல் பார்த்த என் பிழை. இனி என்ன செய்யலாம்? 9 வோல்ட் ஏசி அடப்டர் என்று கேட்டால் கடைக்காரர் என்னை ஒரு மாதிரிப் பார்க்கிறார்.

காத்தான்குடி ரேடியோ

அடப்டர் கேட்காதீர்கள், ரேடியோ திருத்துகிற இடத்தில் 9-0-9, 1 அம்பியர் ட்ரான்ஸ்போமர் கேளுங்கள். நடு வயரும் ஓரத்தில் ஒன்றும்தான் மோடத்துக்கு. இரண்டு ஓரத்தையும் எடுத்தால் 18, மோடம் எரிந்துவிடும். 12-0-12தான் இருக்கிறது என்று தந்தாலும் வாங்க வேண்டாம், 12இன் உச்சி 17, உள்ளே இருக்கிற கெப்பாசிட்டர் பலதிலும் 16 வோல்ட் என்றுதான் போட்டிருக்கும். 230 பக்கத்தில் சின்ன ஃபியூஸ் ஒன்று வைத்து, எல்லாவற்றையும் மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் போடுங்கள். மருமகன் இருக்கிற வீடு.

திறந்த கையோடு பெரிய கெப்பாசிட்டர் இரண்டையும் 25 வோல்ட்டுக்கு மாற்றிவிடுங்கள். போன் வயர் குத்துகிற இடத்தில் பச்சை பிடித்திருந்தால் ஸ்பிரிட் போட்டுத் துடைக்கவும். கடற்கரையில் எதுவும் சும்மா இருக்காது.

ஏறாவூர்_பழசு

பிரிட்ஜ் என்று நினைத்துச் சொல்லிவிட்டேன், மன்னிக்கவும். என்னிடமும் இப்படி ஒன்று செத்தது என்று மூலையில் கிடக்கிறது, இன்றைக்குத் திறக்கப்போகிறேன்.

அக்கரைப்பற்று 12 வோல்ட்

ட்ரான்ஸ்போமர் தேடுவதற்கு முன்னால் ஒரு நிமிடச் சோதனை. சதுர 9 வோல்ட் பேட்டரியின் பிளஸை மோடத்தின் கிரவுண்டிலும் மைனஸை 1488இன் 1ஆம் காலிலும் வைத்துப் பிடித்துக்கொண்டு ஏடி அடியுங்கள். ஓகே வந்தால் நோய் அதுதான். மாறிப் பிடித்தால் ஐசி போகும்.

கரண்ட் போகிற நேரத்திலும் ஓடவேண்டும் என்பதால் நான் என்னுடையதை டிசியிலேயே விட்டுவிட்டேன். பி0509எஸ் என்று நகத்தளவு மொடியூல் இருக்கிறது, 5 வோல்ட் போட்டால் தனியாக 9 வோல்ட் தரும். உள்ளீட்டை 7805இன் 5 வோல்ட்டிலிருந்து எடுத்து, வெளியீட்டின் பிளஸைக் கிரவுண்டிலும் மற்ற முனையை 1ஆம் காலிலும் ஒட்டினேன், மைனஸ் 9 வந்துவிட்டது. 7805 ஏற்கெனவே சூடாகத்தான் இருக்கும், நம்மூர் வெயிலுக்கு ஒரு அலுமினியத் துண்டு திருகிவிடுங்கள்.

இரண்டு மோடத்தையும் இணைக்க டெலிபோன் லைன் தேவையில்லை. ஒரு வயரை நேராக இழுங்கள், மற்ற வயரின் நடுவில் 9 வோல்ட் பேட்டரியும் 330 ஓம் ரெசிஸ்டரும் தொடராக வையுங்கள். ஒன்றில் அழைக்க ஏடிஎக்ஸ்1டி, மற்றதில் பதில் சொல்ல ஏடிஏ. டயல் டோன் இல்லாததால் அந்த எக்ஸ்1 இல்லாமல் நகராது. பேட்டரி பலவீனம் என்றால் 12 வோல்ட் போடலாம். இந்த வயரை உண்மையான லைனில் மட்டும் செருக வேண்டாம், அதில் 48 வோல்ட் நிற்கும், மணி அடிக்கிற நேரம் இன்னும் ஏறும்.

கல்லடிக்காரன்

பேட்டரி பிடித்த உடனேயே ஓகே வந்தது, கை நடுங்கிப் பேட்டரி விலகியதும் நின்றுவிட்டது. இன்றைக்கு 9-0-9 கிடைத்தது, 1ஆம் காலில் மைனஸ் 12.3. இரண்டும் 14400இல் பிடித்துக்கொண்டன. பிள்ளைகள் சத்தம் கேட்டுச் சிரித்தார்கள், அம்மாதான் வந்து யாருக்கு என்ன நடந்தது என்று கேட்டார். சத்தம் குறைக்கிற ஏடிஎல்1 போட்டும் குறையவில்லை, ஸ்பீக்கர் வயரில் ஒரு ரெசிஸ்டர் போட்டால் சரியா நானா?

காத்தான்குடி ரேடியோ

47 ஓம் வைத்துப் பாருங்கள்.