பைன்ல நீலக் கோடு, பாப்ளர்ல பச்சை: பொட்டி செய்யவா, தூக்கிப் போடவா?

மரத்தூள்_மண்டை:
வணக்கம். மூடி வச்ச சின்ன பொட்டி ஒன்னு செய்யலாம்னு நாலு பைன் பலகை எடுத்து இழைச்சேன், மேல் அழுக்கு போனதும் பாத்தா ரெண்டுல நீலமும் சாம்பலுமா ஊதுபத்திப் புகை மாதிரி ஓடுது, கூடக் கெடந்த பாப்ளர் துண்டுல நல்ல பச்சை, நடுவுல கத்தரிப்பூ கலர் வேற. காசு குடுத்து சாயம் பூசினாலும் இப்படி வராது. ஆனா கூட இருக்கிறவர் ஒருத்தர் "பூஞ்சை புடிச்ச மரம்யா, சீக்கிரமே உளுத்துக் கொட்டிடும்"னு கிளப்பி விட்டுட்டார். உண்மையா? கலர் நிக்குமா? மேல என்ன அடிக்கிறது?

பழைய_உளி:
பூஞ்சைதான் தம்பி, அது வரைக்கும் அவர் சொன்னது சரி. ஆனா நீலம் புடிக்க வைக்கிற பூஞ்சை வேற, உளுக்க வைக்கிறது வேற. நீலப் பூஞ்சை மரத்துக்குள்ள இருக்கிற சர்க்கரை, மாவுச்சத்தைத் தின்னுட்டுப் போயிடும், மரத்துக்கு பலம் குடுக்கிற செல்லுலோஸ், லிக்னின் பக்கம் பெருசா போறதில்ல. அதனாலதான் வெளிப்பக்க வெள்ளைல மட்டும் இருக்கும், நடுவுல இருக்கிற கெட்டியான வைரத்துல இருக்காது, பலகையோட வெட்டு முனையப் பாருங்க, ஆப்பு அடிச்ச மாதிரி வெளியிலேருந்து உள்ள பாஞ்சிருக்கும். பல நேரம் பட்டையத் துளைக்கிற வண்டுதான் இதை சுமந்துட்டு வரும். கனடால பிரிட்டிஷ் கொலம்பியா பக்கம் மலைப் பைன் வண்டு காட்டையே காய வச்சப்போ வந்த பலகையெல்லாம் நீலம், அதுக்கு டெனிம் பைன்னு பேர் வச்சே வித்துட்டாங்க!

திடீர்னு விழுற அடியத் தாங்குறது கொஞ்சம் குறையலாம், மத்தபடி பலம் கிட்டத்தட்ட அப்படியேதான். ஏணிப் படி, சுத்தியல் புடிக்கு வேணாம், பொட்டிக்கு தாராளமா போடுங்க.

சந்தேகமா இருந்தா கூரான ஆணிய குத்தி நெம்பிப் பாருங்க. நல்ல மரம் நீள நீளச் சிராயா எழும்பும், உளுத்தது பொட்டுனு குட்டையா உடையும். மரத்துல ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழ இருக்கிற வரைக்கும் பூஞ்சை வளராது, திரும்ப நனைய விட்டீங்கன்னா அது வேற கதை.

குறுக்கால_பேசுறவன்:
என்ன சொன்னாலும் கறை கறைதான், நானா இருந்தா அடிப்பலகைக்குப் போட்டுட்டு வேலையப் பாப்பேன். இன்னொன்னு, நீலம் பாஞ்ச இடம் மத்த இடத்தை விட அதிகமா குடிக்கும், ஸ்டெயின், அதாவது மரச்சாயம், அடிச்சா திட்டுத் திட்டாத்தான் வரும். அப்புறம் என்னைக் கேக்காதீங்க.

இழைப்புளி_ராசாத்தி:
அண்ணே, இருக்கிற கலரைக் காட்டத்தானே செய்றார், மேல எதுக்கு ஸ்டெயின் 🙂

பாப்ளர் சமாச்சாரம் வேற. அந்தப் பச்சைல பூஞ்சை கிடையாது, வைரத்தோட சொந்த நிறமே அதுதான், வெளிச்சம் பட்டா நிக்காது. நான் பச்சைக்கு ஆசைப்பட்டே ஒரு படச்சட்டம் செஞ்சு ஜன்னலுக்கு எதிர்ல மாட்டினேன், இப்ப சாதாரண பழுப்புச் சட்டம், ஊதாவும் போச்சு, சொன்னா யாரும் நம்ப மாட்டேங்கறாங்க. யூவி தடுக்கிற வார்னிஷ் அடிச்சா கொஞ்சம் தள்ளிப் போகும், அவ்ளோதான். ஒரு சின்னத் துண்டுல பாதிய அலுமினிய ஃபாயில்ல சுத்தி வெயில்ல வச்சுப் பாருங்க, உங்களுக்கே தெரிஞ்சிடும்.

பைன் நீலம் அந்த அளவுக்கு ஓடாது, ஆனா எண்ணெய் பாலியூரிதேன் வார்னிஷ் அடிச்சா அந்த மஞ்சள் நீலத்தோட சேந்து பாசி கலராயிடும். தண்ணில கரைக்கிற கிளியர் கோட் அடிங்க. முக்கியமா நாலு பக்கப் பலகையையும் ஒரே நீளப் பலகைலேருந்து வரிசையா அறுங்க, வரிசை மாறாம நம்பர் போட்டு வச்சுக்கோங்க, அப்பத்தான் அந்தக் கோடு மூலை திரும்பி பொட்டியச் சுத்தி ஓடும். கடைசி மூலைல மட்டும் சேராது, அதை பின்பக்கமா வச்சுடுங்க. தேய்க்கும்போது மாஸ்க் போடுங்க, எந்த மரத்தூளா இருந்தாலும்.

மரத்தூள்_மண்டை:
ரொம்ப நன்றி எல்லாருக்கும். ஆணி வச்சு நெம்பிப் பாத்தேன், ஒரு பலகையோட ஓரம் மட்டும் பொட்டுனு போச்சு, அந்த நாலு இஞ்ச அறுத்து எறிஞ்சுட்டேன், மிச்சமெல்லாம் நீளச் சிராய்தான். பாப்ளர் துண்டு ஃபாயிலோட ஜன்னல்ல இருக்கு. மூடிக்கு பழைய ஓக் பலகை ஒன்னு கிடைச்சுது, அதுல ஆணி ஓட்டையச் சுத்தி கருப்பா வட்டம், இதுவும் பூஞ்சையா?

பழைய_உளி:
இல்ல, ஆணி இரும்பும் ஓக்ல இருக்கிற டானின்ங்கிற துவர்ப்புச் சத்தும் ஈரத்துல சேந்ததால வந்த கருப்பு. போகணும்னா ஆக்சாலிக் ஆசிட் கரைசல் தடவி நல்லா கழுவுங்க, விஷம் அது, கையுறை இல்லாம தொடாதீங்க.

மரத்தூள்_மண்டை:
வேணாங்க, பாக்க கண்ணு மாதிரி இருக்கு. மூடிக்கு நடுவுல வர்ற மாதிரியே அறுத்துக்கறேன்.