புதுப்பிப்பு: முகத்தில் சாம்பல் பூத்தது போல் தெரிந்த ஃபவுண்டேஷன்

மாநிறமான என் முகத்தில் எந்த ஃபவுண்டேஷன் (முக நிறத்தைச் சீராகக் காட்டும் அடிப்பூச்சு) பூசினாலும் சிறிது நேரத்தில் சாம்பல் பூத்தது போலாகிவிடுகிறதே என்று சென்ற மாதம் இங்கே கேட்டிருந்தேன். பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி.

பலித்தது, "மணிக்கட்டில் பார்க்காதீர்கள், தாடை ஓரத்தில் மூன்று நிறங்களைக் கோடாக இழுத்துக்கொண்டு, வாங்காமல் வெளியே போய் அரை மணி நேரம் உட்காருங்கள்" என்ற யோசனைதான். வேறெதுவும் பூசாத முகத்துடன் பாண்டி பஜாருக்குப் போனேன். விற்பனைப் பெண் வழக்கம்போல் என் நிறத்தைவிட இரண்டு படி வெளுத்ததையே நீட்டினார். (2020-இல் ஒரு பிரபல முகப்பூச்சு தன் பெயரிலிருந்தே 'ஃபேர்' என்ற சொல்லை நீக்கிவிட்டது, ஆனாலும் கடைகளில் வெளுப்பே அழகு என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை.) மூன்று கோடுகளுடன் பக்கத்துத் தெருக் காபிக் கடையின் வாசலோர மேசையில் அமர்ந்தேன். டபராவில் ஆற்றிய காபி தீர்வதற்குள், கடை விளக்கில் அழகாகப் பொருந்திய நடுக்கோடு, பகல் வெளிச்சத்தில் சுண்ணாம்பு தீற்றியது போல் துருத்திக்கொண்டு தெரிந்தது. "உங்களுக்குக் கறுப்பாகிவிடும் மேடம்" என்று விற்பனைப் பெண் தடுத்த, மஞ்சள் சாயல் கொண்ட மூன்றாவது கோடோ இருந்த இடமே தெரியவில்லை. அதையே வாங்கினேன்.

எதிர்பாராத ஒன்று: வீட்டில் அதையும் பூசியபோது இலேசாகச் சாம்பல் தட்டியது. காரணம், அடியில் பூசிய துத்தநாக ஆக்சைடு சன்ஸ்கிரீன் விட்டுச்செல்லும் வெண்படலம். இரும்பு ஆக்சைடு சேர்த்து நிறமேற்றிய சன்ஸ்கிரீனுக்கு மாறிய பிறகு, இரண்டு வாரமாக மாலை வரை நிறம் மாறவில்லை.